அடியில் நிற்பது யார்?

கீபோர்டு வாங்கியாயிற்று, மெட்டும் கைக்கு வந்துவிட்டது, கார்ட் மட்டும் பிடிபடவில்லை. இப்படிச் சொல்லிக்கொண்டு வருகிற பிள்ளைகள் எங்கள் சிப்காட் தொழிற்பேட்டையில் வருஷா வருஷம் கூடிக்கொண்டே போகிறார்கள். குடிகாட்டுப் பையன், ஆலப்பாக்கத்திலிருந்து ரயிலேறி வரும் அப்ரண்டிஸ், லேப்பில் வேலை செய்யும் பச்சையாங்குப்பத்துப் பெண் என்று பலரும் வருவார்கள். ஆயுத பூஜை நெருங்க நெருங்கக் கூட்டம் அதிகமாகும். ஆலை மேடையில் நாலு பாட்டாவது வாசிக்க வேண்டுமே!

ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லித் தொண்டை வறண்டுவிட்டதால் எழுதிவைக்கிறேன். நான் இசைக் கல்லூரியில் படித்தவனில்லை. ஷிப்டில் கம்ப்ரஸரும் பம்பும் பார்த்த ஆள். ஞாயிறு காலையில் சர்ச்சில் ஆர்கன், ஆடி மாதம் அம்மன் கோயில் மேடைகளில் மெல்லிசைக் குழுவுக்கு கீபோர்டு. முறையாகப் படிக்க ஆசை இருந்தால் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழக இசைத்துறை இருக்கிறது, பஸ் ஏறுங்கள். நான் சொல்லப்போவது முக்கியமாக மூன்று சுரக் கார்டும் அதன் இன்வர்ஷனும்தான்.

1. முதலில் டிரான்ஸ்ஃபார்மர் யார்டு வேலிக்கு வெளியே நின்று அந்த உறுமலைக் கேளுங்கள். நம் மின்சாரம் நொடிக்கு 50 சுற்று. ஒரு சுற்றுக்கு இரண்டு தரம் டிரான்ஸ்ஃபார்மருக்குள் இருக்கும் இரும்பு மயிரிழையளவு நீண்டு சுருங்கும். அதனால் உறுமல் 100 ஹெர்ட்ஸில் வருகிறது. கூடவே 200, 300, 400, 500, 600 என்று அதன் மடங்குகளும் மெலிதாகக் கேட்கும். இவற்றில் 400, 500, 600 மூன்றையும் தனியே எடுத்தால் அது ஒரு மேஜர் கார்ட். விகிதம் 4:5:6. நம் கட்டைக் கணக்கில் ஐந்து கட்டைக்குக் கொஞ்சம் மேலே நிற்கிற ஜி மேஜர்.

தம்புராவிலும் இதே கதைதான். மந்தரத் தந்தியைச் சுத்தமாகச் சுருதி சேர்த்து மீட்டினால் அந்தர காந்தாரம் தானாகக் கேட்கும் என்று வித்வான்கள் சொல்வார்கள். அது அந்தத் தந்தியின் ஐந்தாம் மடங்கு. ச, க, ப மூன்றும் ஒரே தந்திக்குள்ளேயே இருக்கின்றன. ஆகவே கார்ட் நமக்கு அந்நியச் சரக்கு என்று யாராவது சொன்னால் தலையாட்ட வேண்டாம்.

இங்கே ஒரு சின்ன வில்லங்கமும் உண்டு. கீபோர்டில் நடு சி 261.6 ஹெர்ட்ஸ். தம்புராக் கணக்கில் அதற்குக் காந்தாரம் 327. கீபோர்டு கொடுப்பதோ 329.6. காது நல்ல பாடகர் ஒருவர் உங்கள் காந்தாரம் தூக்கலாக இருக்கிறது என்றால் சண்டைக்குப் போகாதீர்கள். அவர் சொல்வது சரி. அகில இந்திய வானொலி 1940இல் ஆர்மோனியத்தை ஒதுக்கிவைத்தபோது எழுந்த வாதங்களில் இதுவும் ஒன்று. அந்தத் தடை தளர 1971 வரை ஆயிற்று.

2. கார்ட் பெயர்களை மனப்பாடம் செய்யாதீர்கள், எண்ணிப் பழகுங்கள். கறுப்பு, வெள்ளை என்று பார்க்காமல் ஒவ்வொரு கீயும் ஒரு படி. புறப்படும் கீயைச் சேர்க்காமல் நாலு படி, பிறகு மூன்று படி ஏறினால் மேஜர். மூன்று படி, பிறகு நாலு படி ஏறினால் மைனர். சி, ஈ, ஜி என்பது 4, 3. ஏ, சி, ஈ என்பது 3, 4. கர்நாடக சங்கீதம் கொஞ்சம் தெரிந்தவர்களுக்கு இன்னும் சுலபம். அந்தர காந்தாரம் போட்டால் மேஜர், சாதாரண காந்தாரம் போட்டால் மைனர். சட்ஜமும் பஞ்சமமும் அசையாது. பாட்டு சிரிக்கிறதா வாடுகிறதா என்பது நடுவில் இருக்கும் காந்தாரத்தின் கையில்.

3. இப்போது சி, ஈ, ஜி பிடித்திருக்கிறீர்கள். கீழே இருக்கும் சியை எடுத்து மேல் சிக்குக் கொண்டுபோங்கள். கையில் ஈ, ஜி, சி. இது ஃபர்ஸ்ட் இன்வர்ஷன். அடுத்து ஈயையும் மேலே தூக்குங்கள். ஜி, சி, ஈ. இது செகண்ட் இன்வர்ஷன். இன்னொரு முறை தூக்கினால் புறப்பட்ட வடிவமே ஒரு ஸ்தாயி மேலே வந்துவிடும்.

படிகளை எண்ணிப் பாருங்கள். முதல் வடிவம் 4, 3. இரண்டாவது 3, 5. மூன்றாவது 5, 4. பஞ்சமத்திலிருந்து மேல் சட்ஜத்துக்கு ஐந்து படி, அந்த ஐந்துதான் புதிதாக உள்ளே வருகிறது. மேஜரின் சக்கரம் 4, 3, 5. எங்கே தொடங்கினாலும் அதே வரிசையில் சுற்றும். மைனரின் சக்கரம் 3, 4, 5.

இதிலிருந்து ஒரு குறுக்கு வழி கிடைக்கும். நெருக்கமாகப் பிடித்த மூன்று சுரத்தில் எங்காவது ஐந்து படி இடைவெளி தெரிந்தால், அந்த இடைவெளிக்கு மேலே இருக்கும் சுரம்தான் கார்டின் ரூட், அதாவது கார்டுக்குப் பெயர் கொடுக்கும் சுரம். ஐந்து எங்கேயும் இல்லாமல் ஒரு நாலும் ஒரு மூன்றும் இருந்தால், கீழே இருப்பதே ரூட். யூடியூபில் யாரோ வாசிக்கும் விரல்களைப் பார்த்துக் கார்டின் பெயரைச் சொல்ல இது போதும்.

4. பெரும்பாலானவர்கள் சறுக்கும் இடம் இதுதான், நிதானமாகப் படியுங்கள். கார்டின் பெயர் வேறு கேள்வி. அடியில் எந்தச் சுரம் நிற்கிறது என்பது வேறு கேள்வி. ஒரு பிளாண்டில் மூன்று ஆபரேட்டர்கள் என்று வையுங்கள். இன்றைக்கு கிரவுண்ட் ஃப்ளோர் பம்பில் யார் நின்றாலும் ஷிப்ட் இன்சார்ஜ் மாறுவதில்லை, ஆனால் வேலை நடக்கிற விதம் மாறும். ஈ, ஜி, சி என்று வாசித்தாலும் இன்சார்ஜ் சிதான். ஈ இன்றைக்குக் கீழே நிற்கிறது, அவ்வளவே.

நம் காது இதை லேசில் ஒப்புக்கொள்ளாது. அதற்குக் காரணம் உண்டு. நாம் ஒத்தும் தம்புராவும் கேட்டு வளர்ந்தவர்கள். அடியில் கேட்பது எதுவோ அதுவே ஆதார சட்ஜம் என்று எடுத்துக்கொள்ளும் பழக்கம் ஊறிக் கிடக்கிறது. கிரகபேதம் நடப்பதும் அந்தப் பழக்கத்தின் மேல்தான். மோகனத்தின் ரிஷபத்தைச் சட்ஜமாக வைத்தால் மத்தியமாவதி. காந்தாரத்தை வைத்தால் இந்தோளம். பஞ்சமத்தை வைத்தால் சுத்த சாவேரி. சுரங்கள் அதே ஐந்து, ஆதாரம் நகர்ந்ததும் ராகத்தின் பெயரே மாறிவிடுகிறது. யாழில் குரல் என்ற ஆதாரச் சுரத்தை இடம் மாற்றி ஏழு பாலைகளைப் பிறப்பித்த பழந்தமிழ்க் கணக்கும் இந்த வழியில் வந்ததுதான். அதை ஆராய்ந்து 'யாழ் நூல்' எழுதி 1947இல் வெளியிட்ட விபுலானந்த அடிகள், 1931இல் நம் சிதம்பரத்துக்கு அண்ணாமலைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேராசிரியராக வந்தவர்.

இன்வர்ஷன் இதற்கு நேர் எதிர்த் திசையில் போகிறது. அடிச்சுரம் மாறினாலும் பெயர் மாறாது. ஐரோப்பாவில்கூட இது சுலபமாக வந்துவிடவில்லை. அடியில் நிற்கும் சுரத்திலிருந்தே எல்லாவற்றையும் எண்ணிக்கொண்டிருந்தார்கள். பிரெஞ்சுக்காரர் ராமோ 1722இல் எழுதிய இசையிலக்கண நூலில்தான் இந்த மூன்று வடிவமும் ஒரே கார்ட், மூன்றுக்கும் ரூட் ஒன்றே என்பது அழுத்தமாக நிலைநிறுத்தப்பட்டது. அதனால் உங்கள் காது முரண்டு பிடித்தால் கவலைப்படாதீர்கள். சியை இடது கையில் ஒரு தரமும், ஈயை ஒரு தரமும், ஜியை ஒரு தரமும் வைத்து, வலது கையில் அதே சி, ஈ, ஜியை அசைக்காமல் வாசித்துக்கொண்டே இருங்கள். ஒரு வாரத்தில் குணம் வேறு, குடும்பம் ஒன்று என்று தெரிந்துவிடும்.

5. வலது கை ஓடக் கூடாது. சி, எஃப், ஜி, மறுபடி சி என்று ஒரு பாட்டு போகிறது. ஒவ்வொன்றையும் ரூட்டிலிருந்தே பிடித்தால் கை தவளை மாதிரி குதிக்கும், கேட்பவருக்கும் குதிப்பதாகவே கேட்கும். இப்படிப் பிடியுங்கள்:

சி, ஈ, ஜி.
சி, எஃப், ஏ.
பி, டி, ஜி.
சி, ஈ, ஜி.

முதல் மாற்றத்தில் சி அசையவில்லை. மற்ற இரண்டு விரலும் ஒரு படி, இரண்டு படி நகர்ந்தன. அவ்வளவுதான் வேலை. சியிலிருந்து ஏ மைனருக்குப் போக ஒரே விரல் போதும், ஜி இரண்டு படி ஏறி ஏ ஆகிவிடும். அடுத்த கார்டில் எந்தச் சுரம் பொது என்று முதலில் பாருங்கள். அந்த விரலை எடுக்காதீர்கள்.

6. மேலே சொன்னதோடு ஒரு திருத்தம் சேர்க்க வேண்டும், இதைச் சொல்லிக்கொடுக்கிறவர்கள் பலர் விட்டுவிடுகிறார்கள். வலது கையில் இன்வர்ஷன் பிடித்துக்கொண்டு இடது கையில் சி, எஃப், ஜி என்று ரூட்டையே வாசித்தால், காதில் விழுவது இன்வர்ஷனே இல்லை. எல்லாம் ரூட் பொசிஷன்தான். மொத்தக் குழுவிலும் எல்லாருக்கும் கீழே கேட்கும் சுரம் எதுவோ அதுதான் கணக்கு. வலது கை வடிவம் வழுக்கிக்கொண்டு போவதற்கு. கார்டின் குணத்தை மாற்றுவது அடியில் ஒலிக்கும் அந்தச் சுரம், அதாவது பாஸ்.

7. ஆகவே பாஸ் கிட்டார் வாசிக்கிறவரோடு ஒத்துப்போங்கள். நீங்கள் என்ன பிடித்தாலும் முடிவெடுப்பது அவர். நோட்டில் சி/ஈ என்று எழுதியிருந்தால், கோட்டுக்கு முன்னால் இருப்பது கார்ட், பின்னால் இருப்பது பாஸ். இந்தக் கோடு உங்களைவிட அவருக்குத்தான் அதிகம் தேவை. அவருக்குக் காட்டாமல் நீங்கள் மட்டும் வைத்துக்கொண்டு பயனில்லை.

கிட்டார்க்காரத் தம்பிகளுக்கும் ஒரு வார்த்தை. திறந்த சி மேஜர் பிடித்து ஆறு தந்தியையும் சேர்த்து அடித்தால் அடியில் ஈ ஒலிக்கும். தெரியாமலே சி/ஈ வாசிக்கிறீர்கள். வேண்டுமென்றால் சரி, வேண்டாமென்றால் ஆறாவது தந்தியை விட்டு அடியுங்கள். டி மேஜரில் அதே ஈ கார்டுக்கே சம்பந்தமில்லாத சுரம், அங்கே கட்டாயம் விட வேண்டும்.

8. ஆட்டோ ரிதம் போட்டு வாசிக்கிறவர்கள் உஷார். யமஹா போன்ற கீபோர்டுகளில் ஃபிங்கர்டு மோடில் இடது கையில் எந்த இன்வர்ஷன் பிடித்தாலும் மெஷின் கார்டைக் கண்டுபிடித்துப் பாஸில் ரூட்டை வாசித்துவிடும். ஈ, ஜி, சி என்று நீங்கள் சிரத்தையாகப் பிடிப்பீர்கள், ஸ்பீக்கரில் அடியில் சி போகும். அடிச்சுரத்தை நீங்கள் தீர்மானிக்க வேண்டுமானால் ஃபிங்கர்டு ஆன் பாஸ் என்ற மோடு உண்டா என்று மெனுவில் தேடுங்கள். இல்லையென்றால் பழகுகிற நேரத்தில் ஸ்டைலை நிறுத்திவிட்டு வெறும் பியானோ ஒலியில் வாசியுங்கள்.

டிரான்ஸ்போஸ் பட்டனைப் பற்றியும் கேட்பார்கள். பாடகி ஐந்தரைக் கட்டை, பாடகர் ஒரு கட்டை என்றால் மேடையில் அந்தப் பட்டன் உயிர் காக்கும், தப்பில்லை. வீட்டில் மட்டும் தொடாதீர்கள்.

9. கீபோர்டின் இடது கோடியில் மூன்று சுரத்தையும் நெருக்கிப் பிடிக்காதீர்கள். ஒலி தாழத் தாழ, மூன்று நாலு படி இடைவெளியில் இருக்கும் இரண்டு சுரத்தைக் காதால் பிரித்தெடுக்க முடியாது. குழம்பிப்போகும். கீழே ஒற்றைச் சுரம், மிஞ்சினால் ஸ்தாயி. காந்தாரம் நடுவிலேயே இருக்கட்டும். கூம்பு ஸ்பீக்கரும் தகரக் கொட்டகையுமான நம் மேடைகளில் இது இரட்டிப்பு உண்மை.

10. ஃபர்ஸ்ட் இன்வர்ஷன் நடப்பதற்கு, செகண்ட் இன்வர்ஷன் காத்திருப்பதற்கு. முதலாவதை வைத்துக்கொண்டு பாஸைப் படி இறக்கலாம். சி, ஜி/பி, ஏ மைனர், சி/ஜி, எஃப் என்று வாசித்துப் பாருங்கள். அடியில் சி, பி, ஏ, ஜி, எஃப் என்று இறங்குகிறது. வழியில் வரும் சி/ஜி மட்டும் செகண்ட் இன்வர்ஷன், ஆனால் அங்கே நிற்காமல் கடந்துபோகிறோம். சுரத்தில் சொன்னால் ச, நி, த, ப, ம. எத்தனையோ சினிமாப் பாட்டுகளுக்கு அடியில் இந்த இறக்கம் ஓடிக்கொண்டிருக்கிறது, கேட்கக் கேட்கத் தட்டுப்படும்.

செகண்ட் இன்வர்ஷனில் பஞ்சமம் அடியில் நிற்கும். அது உட்காராது. பாட்டு முடியும் இடத்துக்கு முன்னால் சி/ஜி, பிறகு ஜி, பிறகு சி என்று வாசித்தால், முதல் கார்டே இதோ முடியப்போகிறது என்று அறிவித்துவிடும். மேற்கத்திய இசையில் நூற்றாண்டுகளாகப் புழங்கும் முடிவு இது. சர்ச்சில் கீர்த்தனையின் கடைசி வரியைக் கவனித்தால் கேட்கும். நடுவில் காரணமில்லாமல் இதைப் போட்டால் பாட்டு அந்தரத்தில் தொங்கும்.

11. கார்ட் பழகும்போது சுருதிப் பெட்டியை அணைத்துவிடுங்கள். பெட்டியில் சட்ஜம் அடியில் ஓடிக்கொண்டிருக்க, நீங்கள் எஃப் மேஜர் பிடித்தால் அது எஃப்/சி ஆகிவிடும். ஜி மேஜர் பிடித்தால் நிஷாதமும் சட்ஜமும் உரசும். சுருதிப் பெட்டியின் மேல் தப்பில்லை. அது ஒரே ஆதாரத்துக்காகச் செய்த பொருள், கார்ட் அடிக்கடி ஆதாரம் மாற்றுகிற சங்கதி.

ராகத்தில் அமைந்த மெட்டுக்குக் கார்ட் போடுவதும் இதையொட்டி வருகிறது. சங்கராபரணத்தில் பிரச்சினையே இல்லை. ச, ம, ப மூன்றின் மேலும் மேஜர், ரி, க, த மூன்றின் மேலும் மைனர், நிஷாதத்தின் மேல் மட்டும் இந்த இரண்டிலும் சேராத டிமினிஷ்டு கார்ட். முத்துசுவாமி தீட்சிதர் வெள்ளைக்கார பாண்டு மெட்டுகளுக்குச் சாகித்தியம் எழுதிய நோட்டுஸ்வரங்கள் சங்கராபரணச் சுரங்களில் அமைந்திருப்பது தற்செயல் இல்லை. கீரவாணியில் பஞ்சமத்தின் மேல் மேஜர் கிடைக்கும், அதனால் மைனர் பாட்டுகளில் அது கொடிகட்டிப் பறக்கிறது.

மோகனத்தில் கதை வேறு. ஐந்து சுரத்துக்குள் கிடைப்பது இரண்டே இரண்டு: ச, க, ப மேஜரும் த, ச, க மைனரும். எஃப் போட்டால் மத்திமம் நுழைந்துவிடும், ஜி போட்டால் நிஷாதம் நுழைந்துவிடும். சினிமாவில் போடுவார்கள், அழகாகவும் இருக்கும். ஆனால் பழகும் நாளில் அந்த இரண்டு கார்டையும் அவற்றின் இன்வர்ஷன்களையும் மட்டும் வைத்து ஒரு மோகனப் பாட்டை முழுசாக வாசித்துப் பாருங்கள். இரண்டு கார்டுக்குள் ஆறு வடிவம் இருக்கிறது, சலிக்காது. இன்வர்ஷனைக் கற்க இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது.

12. கேட்பதற்கு ஆசிரியர் வேண்டுமானால் இளையராஜா போதும். பண்ணைப்புரத்திலிருந்து சென்னைக்கு வந்து தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசையைப் படித்தவர். ஏ.ஆர். ரகுமானும் தன்ராஜ் மாஸ்டரிடம் பாடம் கேட்டவர்தான். 'பயணங்கள் முடிவதில்லை' (1982) படத்தின் நிலாப் பாட்டுக்குக் கிட்டார் எப்படித் தொடங்குகிறது என்று கேளுங்கள். கார்டை ஒரே அடியாக அடிக்காமல் சுரம் சுரமாக உதிர்த்தால் எப்படி ஒலிக்கும் என்று தெரியும். 'ஹவ் டு நேம் இட்' (1986) தொகுப்பைப் பிறகு கேளுங்கள். 2025 மார்ச்சில் லண்டனில் இளையராஜா அரங்கேற்றிய சிம்பொனி வரைக்கும் போகலாம், அவசரமில்லை.

கேட்கும்போது மெட்டை விட்டுவிட்டுப் பாஸை மட்டும் பின்தொடருங்கள், அதுவும் வாயால் பாடிக்கொண்டு. மொபைல் ஸ்பீக்கரில் பாஸ் வராது, ஹெட்போன் வேண்டும்.

13. காது. ஆலை இரைச்சலுக்கு நம் நாட்டு விதிகள் வைத்திருக்கும் வரம்பு எட்டு மணி நேரத்துக்கு 90 டெசிபல். கம்ப்ரஸர் ஹவுஸில் அதைத் தாண்டுவது பெரிய விஷயமே இல்லை. இயர் பிளக் பாக்கெட்டில் இருக்கும், காதில் இருக்காது, எத்தனை பேரைப் பார்க்கிறேன்! சத்தமான ஷிப்ட் முடிந்து வந்ததும் காது சில மணி நேரம் மந்தமாக இருக்கும். அப்போது கிட்டாரைச் சுருதி சேர்க்கவோ மேடைக்கு வால்யூம் வைக்கவோ வேண்டாம். தூங்கி எழுந்து வாருங்கள். தினமும் பிளக் இல்லாமல் நின்றால் அந்த மந்தம் போகாமலே தங்கிவிடும். பாடும் பிள்ளைகள் தொண்டையைக் காப்பதுபோல வாசிக்கிறவர்கள் காதைக் காக்க வேண்டும். ஃபோர்மேன் திட்டுவார் என்பதற்காகப் போடாதீர்கள், உங்களுக்காகப் போடுங்கள்.

14. மூன்று சுரம் பழகியதும் நாலு சுரத்துக்கு வாருங்கள். ஜி செவன்த்: ஜி, பி, டி, எஃப். நாலு சுரம் இருப்பதால் இன்வர்ஷன் மூன்று. மூன்றாவதில் எஃப் அடியில் வரும், எழுதுவது ஜி செவன்த்/எஃப் என்று. இதை வாசித்துவிட்டு ரூட் பொசிஷன் சிக்குப் போகாதீர்கள். அடியில் நிற்கும் எஃப் ஒரு படி இறங்கி ஈயில் போய் நிற்கத் துடிக்கும், அதனால் அடுத்த கார்ட் சி/ஈ. பாஸ் கிட்டார்க்காரரின் நோட்டில் இந்த இரண்டையும் அடுத்தடுத்து எழுதிக் கொடுத்துவிட்டு ரிகர்சலுக்குப் போங்கள்.